மெதுவாகச் சாகிறவர்

மே பதினேழாம் தேதி பிற்பகல் மூன்று பத்துக்கு, நடிகர் ஃபெர்கஸ் டன்வுடி மரக்காணம் உப்பளத்தில் ஆறாவது முறையாகச் செத்தார். படத்தில் இந்த இடம் ஸ்காட்லாந்து, உப்புதான் பனி. சொந்த ஊர்ப் பனி அவர் வயதுக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

கிளாஸ்கோவில் கப்பல் பட்டறைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். முதல் படத்தில் வசனமே இல்லை. சாக மட்டும் சொன்னார்கள். நிதானமாகச் செத்ததில் பெயர் வந்தது. பிறகு முப்பது வருடம், பத்தொன்பது சாவு, இரண்டு விருது, ஒரு கோட்டை. அவரைப் போல மெதுவாகச் சாக உலகில் ஆளில்லை என்று பத்திரிகைகள் பாராட்டின.

அவர் சாய்ந்து கிடந்த குவியல், உப்பளத்துக்காரி மலர்கொடி மூன்று மாதம் வாரிச் சேர்த்த உப்பு. மேற்கே வானம் கறுத்ததும் அவள் தார்ப்பாயோடு ஓடிவந்தாள். படக்குழுவின் உள்ளூர் ஆள் பாலகுரு மறித்தான்.

"இருங்கக்கா. தொர மூட்ல இருக்காரு. ஸ்காட்லாந்துல ஏது தார்ப்பாய்?"

"மழ மட்டும் இருக்குதா?"

டன்வுடி கண்ணைத் திறந்தார். கடைசி மூச்சில் தனக்குத் திருப்தியில்லை, இன்னொரு முறை எடுக்கலாம் என்றார். முதல் துளி விழுந்து உப்பில் குழி போட்டது.

"தம்பி, எங்க ஊர்ல எல்லாம் பொட்டுனு போயிடுறாங்க. உங்க தொரைக்கு மட்டும் ஏன் இவ்ளோ நேரமாவுது?"