ராஜாங்கத்தின் முட்டிக்குப் போன வலி

தை மாதம் எட்டாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, செஞ்சியில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் அன்புக்கரசியின் வலது முட்டியிலிருந்த வலி அவளை விட்டுக் கிளம்பி, இரண்டு தெரு தள்ளி டீக்கடையில் நின்றிருந்த ராஜாங்கத்தின் வலது முட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பிசியோதெரபி செய்ய வீட்டுக்கு வந்த பெண் காலை மடக்கியபோது, வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த அன்புக்கரசிக்கு வலி ஒன்றுமே தெரியவில்லை. அதே நேரத்தில் ராஜாங்கம் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டு, ஐயோ என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைக் கடையில் ஏழு பேர் பார்த்தார்கள். அன்றைக்கு மண்டியில் மல்லாட்டைக் கடலை விலை சரிந்திருந்ததால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அந்த முட்டியை உடைத்தவர் ராஜாங்கம்தான். கார்த்திகையில் ஒரு மத்தியானம், கரும்பு ஏற்றிய டிராக்டரைப் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து, ஸ்கூட்டியில் வந்தவளைச் சாய்த்தார். சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் கால் மாட்டிக்கொள்ள, அவள் அண்ணாந்து பார்த்தாள். அவர் சீட்டிலிருந்து குனிந்து பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் நின்றன. பிறகு அவர் கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஸ்டேஷனில், "வண்டி ஓட்டத் தெரியாம அதுவா விழுந்துச்சி" என்று சொன்னார். கூட வந்த இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். அன்புக்கரசிக்கு முட்டியில் பிளேட் வைத்தார்கள். தையல் மெஷின் மேல் தூசி படிந்தது. கல்லூரிக்குப் போகிற மகள் ரஞ்சனிதான் அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அந்த ஜன்னலுக்கு வெளியே தினமும் காலை ஆறரைக்கு, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, கையை வீசி, ராஜாங்கம் வாக்கிங் போனார். இரண்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு சோறு இறங்கவில்லை.

வலி இடம் மாறிய விஷயத்தை அவள் மறுநாள் காலையே கண்டுபிடித்துவிட்டாள். அவர் தெருவில் வரும்போது அவள் வாக்கரைப் பிடித்து எழுந்து வலது காலை ஊன்றினாள். அவர் கரண்ட் கம்பத்தைக் கட்டிப் பிடித்தார். காலைத் தூக்கினாள், அவர் நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மறுபடி ஊன்றினாள். இப்படிப் பதினோரு முறை. பிறகு ரஞ்சனியைக் கூப்பிட்டு இரண்டு இட்லி கூடுதலாக வைக்கச் சொன்னாள். ராஜாங்கத்தைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். இருபது வயசுப் பையனுடைய முட்டி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர்.

அவள் சமதளத்தில் நடந்தால் அவருக்குச் சுளுக்கு அளவுக்குத்தான் வலித்தது. படி ஏறினால்தான் உயிர் போனது. மாசி பிறந்து, வாக்கர் போய்க் கைத்தடி வந்ததும், நாற்பத்தொரு வருஷமாகக் கோட்டையை பஸ் ஜன்னலில் மட்டுமே பார்த்திருந்த அன்புக்கரசி ஊர் சுற்றக் கிளம்பினாள். தளவானூரில் பாறையைக் குடைந்த பல்லவர் கோயிலைப் பார்த்தாள். வாசல் தூணில் கை வைத்து, இறங்கி, எதையோ மறந்தவள்போலத் திரும்ப ஏறினாள். மண்டகப்பட்டில் காவலாளி மகேந்திரவர்மனைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்க, "இங்க படி அவ்ளோதானா?" என்று கேட்டு அவர் மனசை நோகடித்தாள். பங்குனியில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. போன வருஷம் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்ததிலிருந்து கோட்டையில் கூட்டம். வந்தவர்களெல்லாம் மூச்சு வாங்கிக் குரங்குகளோடு நிழலில் உட்கார்ந்தபோது, பிளேட் வைத்த காலோடு அவள் நிற்காமல் ஏறினாள். பள்ளத்தின் மேலிருக்கிற மரப்பாலத்தில் நின்று ஊரைப் பார்த்தாள். அங்கிருந்து ராஜாங்கத்தின் மாடி தீப்பெட்டி அளவு தெரிந்தது. அவள் வலது காலால் பலகையை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

அன்புக்கரசி படி ஏறுகிற நேரமும் ராஜாங்கம் கத்துகிற நேரமும் ஒன்றாக இருப்பதை ஊர் அதற்குள் கணக்குப் பார்த்து வைத்திருந்தது. அன்று சாயங்காலம் ராஜாங்கத்தின் மனைவி நாகம்மாள் வந்தாள்.

"அன்பு, கொஞ்ச நாளைக்கு வூட்லயே உக்காரேன். மனுஷன் சோறு தின்னமாட்டேங்குறாரு."

"நானும் ரெண்டு மாசம் தின்னலக்கா. அப்ப நீ வரல."

நாகம்மாள் வாசப்படியில் உட்கார்ந்தாள். "இன்னாதான் பண்ணணும்ன்ற?"

"இடிச்சேன்னு சொல்லணும். பாத்துட்டுத்தான் போனேன்னு சொல்லணும். உங்கிட்ட இல்ல, எங்கிட்ட இல்ல. ஊர் கேக்கச் சொல்லணும்."

ராஜாங்கம் சித்திரை முழுதும் வீம்பாக இருந்தார். அவள் ராஜகிரியில் இன்னும் நான்கு முறை ஏறினாள். வைகாசியில் அக்னி வசந்த விழாவில், பாரதக் கூத்தின் கடைசி நாளான படுகளத்தன்று காலை, மைதானத்தில் மண்ணால் செய்து மல்லாத்தியிருந்த ராட்சத உருவத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. வேஷக்காரர் கதாயுதத்தை ஓங்கி அந்த உருவத்தின் தொடையில் அடிக்கப் போகிற நேரத்தில், முன்வரிசையில் இருந்த அன்புக்கரசி நிதானமாகக் கூத்து மேடையின் படியில் வலது காலை வைத்தாள். இரண்டாவது படி. மூன்றாவது படி. கூட்டத்துக்குள்ளிருந்து ராஜாங்கம் தவழ்ந்தபடி வந்து, அறிவிப்பு சொல்லும் மைக்கைப் பிடுங்கினார்.

"நான்தான் இடிச்சேன். அந்தப் பொண்ணு கீழ கெடந்துச்சி. என்னப் பாத்துச்சி. நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். போதுமா?"

பம்பைக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். பொய்ச்சாட்சி சொன்ன இரண்டு பேரும் செருப்பைத் தேடினார்கள். இப்போது வலி தன்னிடம் திரும்பிவிடும் என்று நினைத்து அன்புக்கரசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. சோதித்துப் பார்க்க நான்காவது படியில் காலை வைத்தாள்; ராஜாங்கம் மைக்கோடு சரிந்தார். போதுமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். போதவில்லை. ராஜாங்கத்துக்கு இரங்கச் சொல்லி ஊர் அவளைப் பார்த்தது. அவள் ஐந்தாவது படியையும் ஏறி மேடையில் நின்றாள்.

அப்புறம் யாரும் அவளிடம் கெஞ்சவில்லை. நாகம்மாள்தான் மறுவாரம் வந்து, மலை ஏறுகிற நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் வயலில் அவருக்குப் பதில் ஆள் வைக்கத் தோதாக இருக்கும் என்றாள். அது நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று பேசிக்கொண்டார்கள். டிக்கெட் கவுன்டரில் அவளைப் பார்த்ததும் யாராவது நாகம்மாளுக்கு போன் போட்டு, அன்பு வந்துடுச்சிக்கா என்பார்கள். ராஜாங்கம் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொள்வார். நாகம்மாள் முட்டிக்குத் தைலம் தடவி, ஃபேனைப் போட்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டுக் களையெடுக்கப் போவாள்.