ஒச்சம்மாளின் எதிராளி

அருள்புரத்து பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. கை வேகமும் வேண்டும், வெளிநாட்டுக்காரர் வந்தால் நாலு வார்த்தை பேசவும் வேண்டும் என்றார் மேனேஜர். அதற்காகச் சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் பையன் நித்தீஷ் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தான்.

ஓவர்லாக் மிஷினில் துணியை மூட்டித் தைக்கும் ஒச்சம்மாளுக்கு அந்த வேலை வேண்டும். குனிந்தே தைத்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. உசிலம்பட்டியிலிருந்து வந்த நாளாக அதே ஸ்டூல்தான். குறுக்கே நின்றவள் சித்ராதேவி. அடுத்த மிஷினில், மூட்டிய துணிக்கு ஓரம் மடித்து பிளாட்லாக் அடிப்பவள். நேற்று வந்தவள். அவள் தலையில் வைத்த பூகூடச் சாயங்காலம் வரை வாடாமலிருப்பது ஒச்சம்மாளுக்கு எரிந்தது.

"வின்னுன்னா ஒரு பரிசையோ வேலையையோ ஜெயிக்கிறதுங்க. பீட்டுன்னா எதிராளியைத் தோக்கடிக்கிறது. காம்பீட்டுன்னா போட்டி போடறது. அதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணுமுங்க" என்றான் நித்தீஷ். "நீங்க யார்கூட காம்பீட் பண்றீங்க? சொல்லுங்க பார்க்கலாம்."

ஒச்சம்மாள் நெஞ்சுக்குள் சித்ராதேவியின் பெயரை வைத்துக்கொண்டு எழப்போனாள். அதற்குள் சித்ராதேவி எழுந்து, "ஐ காம்பீட் வித் கந்தவேல்" என்றாள். கந்தவேல் பக்கத்து லைன் டெய்லர், இந்த வேலையைக் கேட்காதவன். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒச்சம்மாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். ராப்பகலாக இவளையே நினைத்து வெந்திருக்கிறோம், இவள் நம்மை ஓர் ஆளாகவே எண்ணவில்லையே!

அன்று மதியம் மேனேஜர் வேலையைப் பார்த்து ஆளை முடிவுசெய்வதாக இருந்தது. ஒச்சம்மாள் தைத்துத் தந்தால்தான் சித்ராதேவி அடிக்க முடியும். முடித்த துணி பண்டல்களை அவளுக்குத் தராமல் ஒவ்வொன்றாகத் தன் காலடியில் தள்ளிக்கொண்டாள். பின்னால் பிளாட்லாக் சத்தம் நின்றுபோனது. காதுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது.

சித்ராதேவி எழுந்து வந்தாள். "ஏனுங்க்கா, மேலுக்கு முடியலீங்களா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒச்சம்மாள் தைத்த துணிகளில் பிசிறு வெட்ட ஆரம்பித்தாள்.

"ஒன்ன யாருடி கூப்ட்டா?"

"சும்மா உக்காந்திருந்தா மேனேஜர் திட்டுவாருங்க. உங்க வேலையாவது முடியட்டுமே." குனிந்தவள் கண்ணில் காலடிக் குவியல் பட்டது. கத்தரி நின்றது. "ஏனுங்க்கா இப்படி?"

ஒச்சம்மாளுக்கு இனி மறைக்க வழியில்லை. "நான் ஒன்னோடதான்டி காம்பீட் பண்றேன். நீ என்னடான்னா அந்தக் கந்தவேலு பேரச் சொல்ற!"

சித்ராதேவி கத்தரியைக் கீழே வைத்தாள். பிறகு அவள் முகம் சிவந்தது. "உங்க தையல் நேர்த்தியப் பார்த்தாலே எனக்குப் பயமுங்க. உங்களை எதுக்கறேன்னு அத்தனை பேர் முன்னால எப்படீங்க சொல்றது? வாய் வருமா? ஆனா இந்த வேலை எனக்கும் வேணுமுங்க்கா. விட்டுத்தர மாட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சு ஒச்சம்மாளுக்கு எங்கோ இதமாகப் பட்டது. பொறாமை போகவில்லை, அதற்கு நிமிர்ந்து உட்கார ஓர் இடம் கிடைத்தது போலிருந்தது.

தூரத்தில் மேனேஜர் வருவது தெரிந்தது. பண்டல்களைத் தராமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், வேலை தன்னுடையது.

ஒச்சம்மாள் குனிந்து, இடுப்பு வலிக்க, பண்டல்களை எல்லாம் அள்ளி அவள் மடியில் போட்டாள்.

"போ, போயி அடி. எங்கிட்டத் தோத்துட்டு அழக் கூடாது, ஆமா!"