சித்திரையில் ஒரு தலைப்பிள்ளை

களுவாஞ்சிக்குடிக்கு மருத்துவிச்சியாக வந்த ஐந்தாம் வருடம், 1964இல், என் பிரசவப் பதிவேட்டில் ஒரு விசித்திரத்தைக் கண்டேன். ஐந்து வருடத்துத் தலைப்பிள்ளைகளை எண்ணினால் மாதத்துக்குப் பத்துக்குக் குறையவில்லை. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை மட்டும் ஒன்றே ஒன்று. நான் மட்டக்களப்பு டவுனில் வளர்ந்த பறங்கிப் பெண். எனக்கு இது பிடிபடவேயில்லை.

பிரசவ வீடுகளில் எனக்கு உதவிக்கு வரும் பூரணத்திடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அது சித்திரை மாசம், டல்சி மிஸி. சித்திரையில தலைப்பிள்ள பொறந்தா குடும்பத்துக்கு ஆகாது. அதான் ஆடி மாசம் புதுமாப்பிள்ளைமார் தாய் வீட்ட போயிருவாங்க."

இந்த ஊரில் கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில்தான் குடியிருப்பான். ஜூலை மாதங்களில் பாயும் தலையணையுமாகத் தோணியேறிய இளைஞர்கள் நினைவுக்கு வந்தார்கள். மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்து, அவர்களில் ஒருவனைத் துறையிலேயே நிறுத்தி நான் கிழிகிழியென்று கிழித்திருந்தேன். பாவம், அவன் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோணியில் ஏறிவிட்டான்.

வெட்கத்தை மறைக்கப் பதிவேட்டைத் திருப்பி அந்த ஒற்றைப் பெயரைக் காட்டினேன்.

"அப்ப இந்தப் பிள்ளையின்ட தகப்பன்? அவனுக்கு மட்டும் சித்திரையில பயமில்லையா?"

பூரணத்தின் சிரிப்பு நின்றது.

"பயம் இருந்திச்சு, மிஸி. அவன்ட தாய் செத்து எத்தின வருசம். ஆடியில அவன் எங்க போற?"