முடியாதென்றால் எழுதித் தாங்க

பிள்ளை மடுவத்தின் பின்சுவரில் விழுந்திருந்த வெடிப்புக்குள் இப்போது ஒரு விரல் போய்வந்தது. புசல்லாவைக்கு மேலே, செங்குத்தான தேயிலை மலையின் அடியில் இருந்தது அந்த மடுவம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பதினேழு பிள்ளைகளைச் சுவர்ணாதான் அங்கே பார்த்துக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னர் மண்சரிவு ஆபத்து உண்டா என்று அதிகாரிகள் வந்து மலையை அளந்துவிட்டுப் போனார்கள். என்ன கண்டார்கள் என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த அறிக்கையைக் கேட்டு, கண்டியிலிருந்த அந்த அதிகாரிகளின் கந்தோருக்கு அவள் விண்ணப்பம் அனுப்பினாள். பத்தாம் நாள் யாரோ தொலைபேசியில் அழைத்தார்கள். "ஒங்க வீட்டுக்காரரு ஃபெக்டரியிலதானே வேல?" அவ்வளவுதான், தொடர்பு அறுந்தது.

கணவன் லக்ஸ்மன் அன்று சோற்றில் கைவைக்கவில்லை. "வேலயும் போயி நாம இருக்கிற லயத்துக் காம்பராவும் போனா எங்க போறது? வாபஸ் வாங்கிரு."

அவளுக்கும் அதே பயம்தான். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுவாரம் கந்தோருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கெலிஓயாவில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிட எழுந்தாள். கூட்டத்தைத் தாண்டிக் கதவருகே போவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

கந்தோரில் தகவல் அலுவலராக இருந்தவர் விவேகானந்தன், யாழ்ப்பாணத்துக்காரர். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். கதவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"ஏன் தங்கச்சி உங்களுக்கு இந்தப் பிரச்சினை? மேலிடத்தில விருப்பமில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தா எல்லாருக்கும் நல்லது."

"குடுக்க முடியாதுன்னா காரணத்த எழுதித் தாங்க சார். நான் மேல்முறையீடு செஞ்சிக்கிறேன்."

"எழுதினா என்ர பேரெல்லோ வரும்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: அவரும் பயந்துபோயிருந்தார்.

"பதினேழு பிள்ளைங்க சார். இன்னிக்கும் அங்கதான் தூங்குதுங்க."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு அலுமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்து, சிங்களத்தில் இருந்த பக்கத்தைத் தானே தமிழில் வாசித்தார். "இந்தக் கட்டடம் பாவனைக்கு உகந்ததல்ல. ஆறு மாதத்துக்குள் பிள்ளைகளை அகற்ற வேண்டும்." திகதியை வாசிக்கும்போது குரல் இறங்கியது. இரண்டு வருடத்துக்கு முந்தைய திகதி. அவர் ஒரு பிரதி எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார்.

சுவர்ணா வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. வேலை போகுமோ என்ற பயம் எங்கோ போய்விட்டது. அந்தச் சுவரும் அதன் கீழே விரித்த பாய்களும்தான் கண்ணில் நின்றன. மடுவத்தில் உதவிக்கு இருந்த அங்கம்மாவை அழைத்தாள்.

"அக்கா, பிள்ளைகள இப்பவே கோயில் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"தொர கேட்டா?"

"எங்கிட்ட கடுதாசி இருக்குன்னு சொல்லுங்க."

மறுநாள் தாய்மார் பிரதியைப் பார்த்தார்கள். ஒருத்தியும் கொழுந்துக் கூடையைத் தொடவில்லை. நான்காம் நாள் அதிகாரிகள் வந்து மடுவத்தைப் பூட்டி முத்திரையிட்டார்கள். அடுத்த வாரம் லக்ஸ்மனை ஃபெக்டரியிலிருந்து மலையில் வடிகான் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள், காரணம் சொல்லவில்லை.

அதே மலையின் கீழ் அவர்கள் குடியிருந்த லயங்களைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. சுவர்ணா இரண்டாவது விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தாள். லக்ஸ்மன் பக்கத்தில் வந்து நின்றான்.

"என் பேரயும் போடு," என்றான்.