பிரசாதம்னா எல்லாருக்கும் குடுங்க

கருப்பராயனுக்குப் படைக்கிற பிராந்தி பிரசாதமாம். பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்னால் சாமி குத்தமாம். இந்தச் சட்டத்தை எழுதியவன் எவனோ, அவன் கண்டிப்பாக ஒரு ஆம்பளையாகத்தான் இருந்திருப்பான் என்று ராசாத்தாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பொருமினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல வேளை, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது அவள் புருஷன் வீட்டுப் பங்காளிகளின் கருப்பராயன் கோயில். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கெடா வெட்டு. வெட்டி முடித்துச் சமைத்ததும் சாமிக்கு முன்னால் இலை போட்டு, கறிச்சோறும் சுருட்டும் பிராந்தியும் படைப்பார்கள். பூசை முடிந்ததும் அந்தப் பிராந்தியில் முதல் டம்ளர் மூத்த வீட்டு ஆண்மகன் கைக்குப் போக வேண்டும். அவர் ஒரு மடக்காவது குடித்த பிறகுதான் மற்றவர்கள் டம்ளரைத் தொடலாம், பந்தி போடலாம். அந்த மூத்த வீட்டு ஆண்மகன் இப்போது தம்பிதுரை, ராசாத்தாளின் வீட்டுக்காரர். சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது.

எட்டு மாதம் என்று வாயால் சொல்லிவிடலாம். அதற்கு முந்தைய வருஷங்களை யார் பட்டது? இருபத்தோரு வயதில் இதே தோப்பில்தான் அவர் கையில் முதன்முதலாக டம்ளரைக் கொடுத்தார்கள். "ஆம்பளையாயிட்டான்" என்று தோளில் தட்டினார்கள். பிறகு கல்யாணத்துக்கு, காது குத்துக்கு, எழவுக்கு என்று வளர்ந்தது. ஒரம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால் குடி, ஒரம்பரை கிளம்பினால் குடி. கடைசியில் ஒரம்பரையும் வேண்டாம், காரணமும் வேண்டாம் என்றாகி, காலையில் பல் விளக்கும் முன்னாலேயே கை நடுங்கப் பாட்டிலைத் தேடினார். ஒரு நாள் தறிக்குடோனில் ரத்த வாந்தி எடுத்து விழுந்து கிடந்தவரை ராசாத்தாளும் மகள் கனிஷ்காவும்தான் தூக்கிக் காரில் போட்டார்கள். தோளில் தட்டின ஒருத்தரும் அன்றைக்கு வரவில்லை.

கோயமுத்தூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் நாற்பத்தைந்து நாள் இருந்தார் தம்பிதுரை. சொந்தபந்தத்துக்கு ராசாத்தாள் என்ன சொன்னாள் தெரியுமா? "முதுகு வலிங்க. கேரளாவுக்கு வைத்தியத்துக்குப் போயிருக்காரு." கனிஷ்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. குடிக்கிற அப்பன் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எந்த வீட்டில்தான் அப்பன் குடிக்கவில்லை? குடியை நிறுத்துவதற்காக ஆஸ்பத்திரியில் படுத்த அப்பன் என்றால் மட்டும் சம்பந்தம் முறிந்துவிடும். என்ன ஊரோ, என்ன நியாயமோ!

நூல் வியாபாரி ஷேக் பரீத் அப்போதே எச்சரித்தார். கோட்டைமேட்டுக்காரர், தம்பிதுரைக்குப் பல வருஷமாக நூல் கொடுக்கிறவர், ஒன்பது வருஷமாகக் குடிக்காதவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பிதுரையைக் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு அழைத்துப் போவது அவர்தான். அங்கே ஒவ்வொருத்தரும் எழுந்து நின்று, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்களாம்.

"எங்க வீட்லயும் மூணு வருஷம் மறைச்சாங்கம்மா. மறைச்ச மூணு வருஷமும் நான் குடிச்சுட்டுத்தான் இருந்தேன்," என்றார் ஷேக் பரீத். "எங்களுக்கு ஒரு மடக்குன்னு ஒண்ணு கெடையாது. மொத மடக்கைத் தொட்டா, பழைய எடத்துக்கே கொண்டுபோய் நிறுத்திப்புடும். நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு பேராவது ஊத்தாம இருப்பாங்க."

ராசாத்தாள் நன்றாகத் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கனிஷ்கா கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்கும் இதைப் பற்றி வெளியே மூச்சு விடுவதில்லை என்று புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இந்த வருஷம் கெடா வெட்டுக்கே வர வேண்டாம் என்றுதான் இருந்தாள். விட்டால்தானே! தம்பிதுரையின் சித்தப்பா பொங்கியண்ணன், இந்தப் பங்காளிகளுக்கெல்லாம் பெரிய மனுஷர், கனிஷ்காவுக்கு நிச்சயமான ஈரோட்டுச் சம்பந்தி வீட்டையும் தாமே போன் போட்டு அழைத்துவிட்டார். மாப்பிள்ளை சுரேந்தர், அவன் அப்பா, அம்மா மூன்று பேரும் விருந்துக்கு வருகிறார்கள். இனி எப்படி வராமல் இருப்பது? அதனால் ராசாத்தாள் ஒரு உபாயம் செய்தாள். அவளும் மகளும் காலையிலேயே வந்து சமையலில் கைகொடுப்பது. தம்பிதுரை தறிக்குடோனில் வேலை என்று சாக்குச் சொல்லி, படையல் முடிந்து பந்தி ஆரம்பித்த பிறகு வந்து சேர்வது. அதுவரை யாராவது ஒரு பங்காளி முதல் டம்ளரை வாங்கித் தொலைக்கட்டும்.

ஒரு மணிக்கு முடிய வேண்டிய படையலைப் பொங்கியண்ணன் இரண்டரை வரைக்கும் நிறுத்தி வைத்தார். "மூத்த ஊட்டுக்காரன் வராம சாமிக்கு என்ன படையல்?" என்று கட்டிலில் சாய்ந்துகொண்டார். குழந்தைகள் பசியில் சிணுங்கின. கறி ஆறிப்போய்க் கொழுப்புக் கட்டியது. இதற்கெல்லாம் சாமி குத்தம் கிடையாதாம், பாருங்கள்.

பந்தி ஆரம்பித்திருக்கும் என்று நம்பி வந்த தம்பிதுரை காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கையைப் பிடித்துக் கோயிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். படையல் எடுக்கிற இடத்துக்குப் பெண்கள் போகக் கூடாது. ராசாத்தாள் அடுப்படியில் இருந்து தென்னை மரங்களுக்கு நடுவே பார்த்தாள். பூசாரி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிப் பொங்கியண்ணனிடம் கொடுத்தார். அவர் தம்பிதுரையிடம் நீட்டினார்.

"கையை நீட்டு சாமி. எல்லாரும் பசியோட நிக்கறாங்கல்ல."

"எனக்கு வேண்டாமுங்க சித்தப்பா. முதுகுக்கு மருந்து ஓடிட்டிருக்குது."

"முதுகு வலிக்கு இதைய விட மருந்து எங்கடா இருக்குது? உள்ள போச்சுன்னா தானா நிமுந்துக்கும்!" என்றார் பொங்கியண்ணன். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"இல்லீங் சித்தப்பா, நெசமாலுமே வேண்டாமுங்க."

"ஏம்ப்பா, உன்னையக் குடிக்கவா சொல்றேன்? பிரசாதம் வாங்கச் சொல்றேன். ஒரே ஒரு மடக்கு. சம்பந்தி ஊட்டுக்காரங்க பாத்துட்டிருக்காங்க, நம்ம பேரைக் கெடுத்துப்போடாதே!" என்று டம்ளரைத் தம்பிதுரையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

டம்ளர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த வாசம் அவருக்குள் என்ன செய்யும் என்று ராசாத்தாளுக்குத் தெரியும். தம்பிதுரை தலையைத் திருப்பி அடுப்படிப் பக்கம் அவளைத் தேடினார். சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை. அவர் வாயைப் பூட்டியது யார்? சாமியா, சித்தப்பாவா? இல்லை, இவள் வாங்கிய சத்தியம்தான். அது உறைத்ததும் ராசாத்தாளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏ அம்மணி, எங்க வாரே? பொம்பளைக இங்க வரக் கூடாது!" என்று பொங்கியண்ணன் சத்தம் போட்டார்.

"ஏனுங் மாமா, அது பிரசாதமுங்களா?"

"பின்ன என்னவாம்?"

"அப்ப எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க."

பூசாரி பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எம் புள்ளைக்கு ஒண்ணு ஊத்துங்க," என்றாள் ராசாத்தாள். "அங்க அடுப்புல வேகறாங்களே, அத்தனை பொம்பளைகளுக்கும் ஊத்துங்க. அந்தா மண்ணுல வெளையாடுதுக பாருங்க கொழந்தைக, அதுகளுக்கும் ஆளுக்கொரு மூடி ஊத்துங்க. திருநீறு குடுக்கறப்ப ஆம்பளை, பொம்பளைன்னு பாத்தா குடுக்கறீங்க? பொங்கலை எங்களுக்கில்லாமயா திங்கறீங்க? பிரசாதம்னா எல்லாருக்கும் குடுங்க!"

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? கொழந்தைக்கு யாராச்சும் பிராந்தி ஊத்துவாங்களா?"

"அப்படி வாங்க வழிக்கு! கொழந்தைக்குன்னா பிராந்தி, எங்கூட்டுக்காரருக்குன்னா மட்டும் பிரசாதமுங்களா?"

யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். பொங்கியண்ணனுக்கு முகம் சிவந்தது. "சரி, நீயே சொல்லு. ஒரு மடக்குக் குடிக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன சீக்கு உன்ற புருசனுக்கு? முதுகு வலின்னு நீதான சொன்னே? முதுகு வலிக்காரன் ஒரு மடக்குல செத்தா போயிருவான்?"

வசமாக மாட்டிக்கொண்டாள். அவள் சொன்ன பொய்யை வைத்தே அவள் வாயை அடைக்கிறார் மனுஷர். பக்கத்தில் சம்பந்தி நிற்கிறார், மாப்பிள்ளை நிற்கிறான், அடுப்படியில் இருந்து மாப்பிள்ளையின் அம்மா சாந்தாமணி பார்க்கிறாள். மகளின் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். இப்போது வாயைத் திறந்தால் அது நடக்குமா என்பது சந்தேகம். திறக்காவிட்டால் அந்த டம்ளர் இன்னும் ஒரு சாண் மேலே போகும். அதில் சந்தேகமே இல்லை.

"முதுகு வலி இல்லீங் மாமா. நான் பொய் சொன்னேன்," என்றாள் ராசாத்தாள். "அவரு கேரளாவுக்குப் போகலீங்க. குடியை நிறுத்தக் கோயமுத்தூர்ல நாப்பத்தஞ்சு நாள் படுத்துக் கெடந்தாரு. அவரு குடிநோயாளிங்க. அந்த ஒரு மடக்குல இன்னிக்குச் சாக மாட்டாரு. ஆனா நாளைக்கு ரெண்டு, நாளான்னிக்கு பாட்டில், அப்புறம் ரத்த வாந்தி. அன்னிக்குத் தூக்க நீங்க வரமாட்டீங்க. நானும் எம் புள்ளையுந்தான் தூக்கோணும்."

தம்பிதுரை நீளமாக மூச்சு விட்டார். குனிந்து, டம்ளரைக் கருப்பராயன் கல்லுக்கு முன்னால் வைத்தார். "ஆமாங் சித்தப்பா, நான் குடிநோயாளிதானுங்க. எட்டு மாசம் ஆச்சுங்க," என்றார். அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"ஒரம்பரைக்கு முன்னால மானத்தை வாங்கிப்போட்டீங்களே ரெண்டு பேரும்!"

"தறிக்குடோன்ல வாந்தி எடுத்துக் கெடந்தப்பப் போகாத மானம், டம்ளரைக் கீழ வெச்சதுமா போயிருச்சுங்க?" என்றாள் ராசாத்தாள்.

பொங்கியண்ணன் முறைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த டம்ளரைத் தாமே எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சரி சரி, பந்தியைப் போடுங்க," என்றார். அவ்வளவுதான். இடி விழவில்லை, கருப்பராயன் அருவாளைத் தூக்கவில்லை, ஐந்து நிமிஷத்தில் எல்லாரும் கறிச்சோற்றில் கை வைத்துவிட்டார்கள். அடப் பாவிகளா! இத்தனை சுலபமாக மாறுகிற முறைக்கா இந்த மனுஷனைக் காவு கொடுக்கப் பார்த்தீர்கள்? ராசாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் முகத்தில் வாரி வாரி அடித்துக்கொண்டாள்.

சாந்தாமணி பின்னாலேயே வந்தாள். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து ராசாத்தாள் நிமிர்ந்து நின்றாள்.

"ஏனுங் சம்பந்தி, அந்தக் கோயமுத்தூர் மையத்துல பையன்களையும் சேத்துக்குவாங்களா? இருபத்தெட்டு வயசுப் பையன்."

ராசாத்தாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பந்தியில் இருந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"கம்பெனி பார்ட்டிக்கு எப்பவாச்சும் ஒருக்கா குடிப்பான்னு உங்ககிட்டச் சொன்னோமுங்க," என்று சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எப்பவாச்சும் இல்லீங்க, தெனமும். வேலையும் போயி ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிருவான்னு எல்லாரும் சொன்னாங்க."

"கல்யாணம் பண்ணுனா சரியாயிரும்ங்களா? எம் புள்ளை என்ன மாத்திரையா, உங்க பையனுக்குக் குடுக்கறதுக்கு? அவளுக்குத் தெரியாம அவ தலையில கட்டப் பாத்தீங்களே, நீங்களும் ஒரு பொம்பளைதான?"

"நீங்களும் எங்ககிட்ட மறைச்சீங்கதானுங்களே சம்பந்தி."

பளாரென்று ஒன்று விட்டது போல் இருந்தது. கோபம் அப்படியே இருந்தது, அதில் பாதிக்குப் பாதி தன் மேலேயே. பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். சுரேந்தரின் இலைக்கு நேராகக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள் கனிஷ்கா.

"கனிஷ்கா! அந்த வாளியை வெச்சுப்போட்டு இங்க வா கண்ணு."

மகள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ராசாத்தாள் அவள் தோளைப் பிடித்துச் சாந்தாமணிக்கு எதிரே நிறுத்தினாள்.

"எங்கிட்டச் சொன்னதை இவகிட்டச் சொல்லுங்க. கட்டிக்கப் போறவ இவதான், முடிவு பண்ண வேண்டியவளும் இவதான்."

சாந்தாமணி பந்தியில் இருந்த தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அங்க பாக்காதீங்க," என்றாள் ராசாத்தாள். "இவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."