நூற்றைம்பது மில்லி

“யாராவது இந்த வண்டிய நவட்டுங்க அண்ணாச்சி. பெட்டி உள்ள போவாது” என்றார் குளிர்பெட்டி கொண்டுவந்தவர்.

நடைக்கும் ஷெட்டுக்கும் நடுவில், வல்லிநாயகம் காலையில் விட்டுப்போன இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது. ஐந்நூறு சிசி, டூ-ஸ்ட்ரோக். காட்டிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த ஜப்பான் மோட்டார் பைக். ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, நம்பர் கிடையாது, சாவிகூடக் கிடையாது. மிதிக்கிற கால்தான் சாவி. டாங்க்மேல் ஒரு தார்ப்பாய் பாதி சரிந்து கிடந்தது. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாம், ஆளைக் குத்திய காளையைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்தார்கள்.

“ஏலே மணி, நீ தள்ளுலே. ஒனக்குத்தான அது பழக்கம்” என்றார் பிச்சைமணி மாமா.

இசக்கிமணி வேட்டியை மடித்துக் கட்டினான். இரண்டு தடவை அவிழ்ந்து விழுந்தது. செத்துப்போன வல்லிநாயகம் அவனுடைய ஒரே அண்ணன். அழுவதற்குக்கூட இன்னும் நேரம் கிடைக்கவில்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினான். தார்ப்பாய்க்குள் ஏதோ ஒன்று முழங்காலில் டொக்கு டொக்கென்று இடித்துக்கொண்டே வந்தது. விலக்கிப் பார்க்கத் தைரியமில்லை. ஷெட்டுக்குள் கொண்டுபோய்ச் சுவரோடு சாய்த்து, பாயை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்த பிறகுதான் மூச்சே விட்டான்.

“ரெண்டு தடவ மிதிச்ச சத்தம் கேட்டுச்சு சித்தப்பா.” வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னதையே வேல்விழி அவனிடமும் சொன்னாள். அண்ணனின் ஒரே மகள். திருநெல்வேலியில் வேலை; லீவுக்கு வந்திருந்தாள். “மூணாவது சத்தம் வரும்னு பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். வரல. பெறவு அம்மாதான் கத்துதா.”

அப்போது மணி ஆறு. ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டெண்ட் வைத்து மூன்று மாதம். மாடிப்படிகூட நிதானமாக ஏறச் சொல்லியிருந்த டாக்டர், அந்த வண்டியின் கிக்கரைப் பற்றிக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“அந்தச் சனியன் பிடிச்ச வண்டிதான் மனுசன முழுங்கிட்டு” என்றாள் அடுத்த வீட்டுக் கோமதியம்மாள்.

வண்டிமேல் பழி விழுந்தபோதெல்லாம் இசக்கிமணி தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு வாய் இருந்தால் யார் பெயரைச் சொல்லும் என்று அவனுக்குத் தெரியும்.

வல்லிநாயகம் முப்பது வருஷம் மலைப்பாதையில் அரசுப் பேருந்து ஓட்டியவர். பிள்ளைத்தாய்ச்சிகள் அவர் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுவார்கள், அவ்வளவு மெதுவு. அந்த மனுஷன், கேரள எல்லையில் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்த இந்த வண்டியை எலும்பு எலும்பாக அள்ளிவந்து, இரண்டு வருஷம் உட்கார்ந்து கோத்தார். முதல் நாள் அதற்கு உயிர் வந்தபோது தெருவே நீலப் புகைக்குள் போய்விட்டது. நகராட்சியிலிருந்து கொசு மருந்து அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கோமதியம்மாள் சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அதற்குத் தெருவில் கொசுவண்டி என்றே பெயர்.

இலத்தூர்க் குளம் வற்றிக் கிடக்கிற மாதங்களில் அதை அங்கே கொண்டுபோய்க் கரையேற்றி இறக்குவார். “மூணாவது கியர்ல ஒரு முறுக்கு முறுக்கினா, நம்ம வயித்த அங்கனயே விட்டுட்டு வண்டி மட்டும் போவும்லே. கொஞ்ச நேரம் கழிச்சு வயிறு பின்னால ஓடி வந்து சேரும்” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஐம்பத்தெட்டு வயதும் இருக்காது, பணிமனையும் இருக்காது.

இசக்கிமணிக்கு அந்த ரத்தம் ஓடவில்லை. கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. போக வர ஒரு ஸ்கூட்டி. ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டுக் கொசுவண்டியை மிதித்தான். கிக்கர் திருப்பி அடித்ததில் ஆறு வாரம் மாவுக்கட்டு. “மனுசன்தான் வண்டிய மிதிப்பான். என்னய வண்டி மிதிச்சிட்டு” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கட்டைக் காட்டிச் சிரிக்கவைத்தான்.

அப்படிப்பட்டவனிடம்தான், ஸ்டெண்ட் வைத்த பிறகு அண்ணன் வண்டியை ஒப்படைத்தார். “சும்மா நின்னா உள்ளுக்குள்ள எறுகிரும்லே. வாரத்துக்கு ஒரு தடவ ஓட்டு. சரிவுல தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கோ, ஒன் காலு வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துராத. ஒன் ஸ்கூட்டி மாதிரி இதுக்குத் தனியா ஆயில் கெடையாது. பெட்ரோலோட கலந்து போனாத்தான் பிஸ்டன் வழுக்கும். அஞ்சு லிட்டருக்கு நூத்தம்பது மில்லி.”

அளப்பதற்கு வேல்விழியின் பழைய பால் புட்டியைப் பத்திரப்படுத்தியிருந்தார். “எம்மவ குடிச்ச அளவுதான். இதுக்கும் அவள மாதிரியே பசி தாங்காது.”

மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. நாலாவது வாரம், ஸ்கூட்டிக்குப் போடுகிற ஞாபகத்தில், பங்க்கில் கேனை நிரப்பி நேரே டாங்க்கில் கவிழ்த்துவிட்டான். குளத்துக்கு நடுவில் அது கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டது. பின்சக்கரம் பிடித்துவைத்ததுபோல் நின்றது. காய்ந்த சேற்றில் மல்லாந்து கிடந்தபோதுதான், பால் புட்டி ஷெட்டு அலமாரியிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது.

கிக்கரைக் கையால் அமுக்கிப் பார்த்தான். கல்லாக நின்றது.

அண்ணன் செக்கப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து, லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து ஷெட்டில் நிறுத்தித் தார்ப்பாயால் மூடினான். சாயங்காலம் போனில், “வெண்ண மாதிரி ஓடுதுண்ணே” என்றான். அதற்குப் பிறகு ஒரு மாதமாக அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. அண்ணன் கூப்பிடும்போதெல்லாம் நாலு வேடிக்கை பேசி வைத்துவிடுவான். சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டதுதான் கடைசி.

“நாளைக்குக் காலையில வாலே. ஒரு வேல கெடக்கு.”

“செங்கோட்டையில ஒரு கல்யாணம்ணே.”

“யாருக்குலே?”

“தெரிஞ்ச பொண்ணுக்கும் தெரியாத மாப்பிள்ளைக்கும்ணே.”

அண்ணன் சிரித்தார். “சரி. நல்லாச் சாப்புடு.”

கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. காலையில் வேல்விழியின் போன் எழுப்பும்வரை அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.

அசையாத கிக்கரை அல்லவா அண்ணன் மிதித்திருக்கிறார்! இற்றுப்போன நெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு கல்லை! ஆண் பிள்ளை இல்லாத வீடு; கொள்ளி வைக்க வேண்டியவனும் அவன்தான். அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்குப் போவதற்குள் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே போனான்.

அண்ணன் மனைவி ஆனந்தவள்ளி, குளிர்பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் அண்ணனின் முகம் தெரிந்தது; மறுபடி மங்கியது.

“மதினி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“காப்பி குடிச்சியா?”

“குடிச்சேன். இது வேற, மதினி. அந்த வண்டி…”

“ஒரு மாசமா ஒன்னயத்தான் தேடினாவ” என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடியே. “ராவும் பகலும் ஷெட்டுலதான் கெடந்தாவ. எவனாவது கேட்டத் தெறந்தா, ‘மணியா பாருட்டி, மணியா பாரு’ன்னு. ஊரையெல்லாம் சிரிக்க வைக்கான், நம்ம வீட்டுக்கு மட்டும் வழி மறந்துட்டான்னு சொன்னாவ.” துடைப்பதை நிறுத்தினாள். “என்னமோ சொல்ல வந்தியே?”

இசக்கிமணி வேட்டியை மறுபடி மடித்துக் கட்டினான்.

“நீர்மாலைக்கு நேரமாச்சுலே!” வாசலிலிருந்து மாமா சத்தம் கொடுத்தார். அவனுக்கு அது ஒரு விடுதலை மாதிரிகூட இருந்தது. அதற்காகவும் தன்னையே வைதுகொண்டான்.

நீர்மாலை முடிந்து, அண்ணனைத் தூக்கிக்கொண்டு சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குற்றாலச் சாரல் கூடவே வந்துவிட்டது. சிதைக்கு அடுக்கிய எருவாட்டிகள் நனையாமல் ஒருவர் பிளாஸ்டிக் பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். இசக்கிமணியை ஒரு கல்லில் உட்காரவைத்து, தலையை மழித்துவிட்டு மீசைக்கு வந்தார் சவரம் செய்கிறவர். நனைந்த சட்டையோடு ஒருவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

“மணி அண்ணன்தானே? நான் சாம். ஆரியங்காவு. வண்டி எங்க தோட்டத்துல கிடந்ததுதான்.”

“அண்ணன் சொல்லியிருக்காவ.”

“வெள்ளிக்கிழமகூட என்னை விளிச்சிருந்தார். ‘சாமே, புது பிஸ்டன் போட்டுப் பூட்டியாச்சு. கிக்கர் வெண்ண மாதிரி இறங்குது’ன்னு.”

இசக்கிமணி சட்டென்று திரும்பினான்.

“அண்ணாச்சி, ஆடாதீங்க. வெட்டிரும்.”

“புது பிஸ்டனா?”

“தெரியாதா? பழசு சிலிண்டரோட ஒட்டிப்போச்சுல்ல. ஆயில் கலக்காம யாரோ ஓட்டியிருக்காங்க. எந்த மண்டன் அண்ணா இதைச் செஞ்சதுன்னு கேட்டேன். ‘நான்தான் மறந்துட்டேன்’னார். நான் விசுவசிக்கலை. அந்த ஆளு சோறு திங்க மறப்பார், ஆயில் கலக்க மறக்க மாட்டார்.” சாம் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். “பிஸ்டனை நான்தான் தேடிப் பிடிச்சு அனுப்பினேன். சிலிண்டரை ஒரு வாரம் கையாலயே தேய்ச்சு எடுத்தாராம். ‘ஞாயித்துக்கிழமை தம்பி வருவான், சரிவுல தள்ளி ஸ்டார்ட் பண்ணிருவோம்’னு சொன்னார். பின்னே எதுக்குத் தனியா மிதிச்சார்? நீங்க போகலையா?”

சாரல் மொட்டைத் தலையில் ஊசி ஊசியாக விழுந்தது.

“இல்ல” என்றான் இசக்கிமணி. “செங்கோட்டையில ஒரு கல்யாணம்.”

சாம் தலையாட்டினார். “அது சரி. நமக்குத் தெரியுமா, இப்படி ஆகும்னு.”

தோளில் குடத்தை ஏற்றினார்கள். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளை. ஒவ்வொரு துளையிலிருந்தும் தண்ணீர் முதுகில் இறங்கியது. கையில் நெருப்பைக் கொடுத்து, கால்மாட்டுப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்கள்.

“வச்சிட்டு நேரா நட. திரும்பிப் பாக்கக் கூடாது” என்றார் மாமா.

திரும்பிப் பார்க்காமல் போவது ஒரு மாதமாக அவன் செய்துவந்த வேலைதான். ஆனால் இன்று நாலடி வைப்பதற்குள் கால் இரண்டும் மண்ணில் நட்டதுபோல் நின்றுவிட்டன. மாமாதான் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

ஆற்றில் முழுகி வீட்டுக்கு வந்தபோது பந்தலுக்கடியில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. குளிர்பெட்டி இருந்த இடத்தில் ஒரு விளக்கு. வேல்விழி சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

“ஷெட்டுக் கதவு அடிச்சிக்கிட்டே கெடக்கு மணி” என்றாள் ஆனந்தவள்ளி அடுக்களையிலிருந்து. “கொஞ்சம் சாத்திட்டு வா.”

போனான். சாத்தாமல் உள்ளே நுழைந்தான். அலமாரியில் வெற்றுக் கொரியர் டப்பா ஒன்று. பக்கத்தில், சிராய்ப்பு விழுந்த பழைய பிஸ்டனைத் துணியில் சுற்றி வைத்திருந்தது. பால் புட்டி இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் மட்டும் இருந்தது.

வண்டிமேல் கிடந்த தார்ப்பாயை மெதுவாக இழுத்தான்.

டாங்க் மூடியைச் சுற்றி ஒரு கட்டுக்கம்பி. அதன் முனையில் பால் புட்டி தொங்கியது. புட்டியைக் கையில் எடுக்காமல் அந்த மூடியைத் திருக முடியாது. எப்பேர்ப்பட்ட மறதிக்காரனும் தப்ப முடியாதபடி வளைத்துக் கட்டியிருந்தது. நூற்றைம்பதுக்கு நேரே சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு. கோடுவரை எண்ணெய் ஊற்றி, இறுக்கி மூடியிருந்தது.

கிக்கரைக் கையால் அமுக்கினான். இறங்கியது.

“மணி, காப்பி ஆறுது.”

“வாரேன் மதினி.”

காலையில் முழங்கால் இடித்ததில் கம்பி சற்றுத் தளர்ந்திருந்தது. அதை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுக் கையை எடுத்தான். புட்டிக்குள் எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல ஆடி, கோட்டுக்கு வந்து நின்றது.