கசியாத ஓரம்

இருபது வருடங்களாக ஓவியர் கான்வாஸ் மேல் வண்ணத்தை வீசித்தான் பெயர் எடுத்திருந்தார். வாளியால் வீசுவார், துடைப்பத்தால் வீசுவார், ஒருமுறை ஈரத் துண்டைக் கூட வீசியதுண்டு. அந்த அறைக்குள் போக வேண்டுமானால் மனைவி மழைக்கோட்டைப் போட்டுக்கொள்வாள். பார்க்கிறவர்கள் அதைக் கோபம் என்றார்கள், வேதனை என்றார்கள். அவரும் தலையாட்டி வைத்தார்.

பலரும் படம் வைத்த ஒரு கண்காட்சியில் ஒரு பெண்மணி பெரிய கறுப்புப் படத்தின் முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதார். இதை வரைந்த அன்று உங்களுக்கு என்ன இழப்பு என்று கேட்டார். ஓவியர் யோசித்துப் பார்த்தார். ஒரு வாரப் பல்வலி அன்றைக்குத்தான் விட்டிருந்தது. விசிலடித்துக்கொண்டே வீசிய படம் அது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கைக்குட்டையை நீட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர், வாளிகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தார்.

“இனிமே ரெண்டே கலர். நடுவுல ஒரு நேர்கோடு. அழறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது,” என்றார் மனைவியிடம்.

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள். நல்லதுதான், கோடென்றால் கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு மழைக்கோட்டை மடித்து வைத்தாள்.

நேர்கோடு லேசில் வசப்படவில்லை. கான்வாஸ் தொய்கிறது என்று பலகைக்கு மாறினார். மஞ்சள் பூசி, காயவைத்து, பாதியில் டேப் ஒட்டி, மறுபாதியில் நீலம் பூசுவார். டேப்பை உரித்தால் நீலம் அதன் அடியில் புகுந்து மஞ்சளுக்கு மீசை முளைத்திருக்கும். வேறு டேப் வாங்கினார். கரண்டியின் முதுகால் தேய்த்தார். டேப்பின் மேல் அகராதியை வைத்து, அகராதியின் மேல் மனைவியை உட்காரச் சொன்னார். அவளும் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். எழுந்து பூசி உரித்துப் பார்த்தால் மீசைதான்.

வெள்ளிக்கிழமை, படங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் கேலரி அம்மா வருவதாக இருந்தது. வருடக் கடைசிக் கண்காட்சியை ஓவியருக்குத் தருவதா இல்லையா என்று அன்றைக்குத்தான் முடிவு. நான்கு வருடமாக அவருக்குத் தனிக் கண்காட்சியே இல்லை. அதற்குள் ஒரே ஒரு ஓரமாவது சுத்தமாக வந்தாக வேண்டும்.

என் தம்பியைக் கேளுங்களேன் என்றாள் மனைவி. தம்பி கட்டடங்களுக்கு பெயின்ட் அடிக்கிறவன். ஓவியர் அவனைச் சுண்ணாம்புக்காரன் என்பார். அவர் படங்களைப் பார்த்து, பிரஷ் கழுவின இடமா மாமா என்று அவன் கேட்பான். ஓவியர் மூன்று நாள் வீம்பாக இருந்துவிட்டு, புதன்கிழமை மனைவியையே போன் செய்யச் சொன்னார்.

தம்பி வந்தான். மீசை வைத்த மூன்று பலகைகளையும் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். சிரிப்பு அங்கிருந்து கேட்டது.

“டேப் ஒட்டினதும் நீலத்தையா பூசினீங்க மாமா?”

“பின்ன என்னத்தைப் பூசுவாங்க?”

“மறுபடியும் மஞ்சளைப் பூசணும். கசியறது கசிஞ்சுட்டுப் போகட்டும். மஞ்சள் மேல மஞ்சள், யாருக்குத் தெரியப் போகுது? சந்தெல்லாம் அடைஞ்சுடும். அதுக்கப்புறம் நீலம்.”

ஓவியர் டேப் சுருளைக் கீழே வைத்தார். இது எத்தனை நாளாகத் தெரியும் என்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து என்றான்.

“ஏன்டா சொல்லல?”

“நீங்க வீசிக்கிட்டில்ல இருந்தீங்க.”

வெள்ளிக்கிழமை காலை டேப்பை உரிக்கும்போது பழக்கதோஷத்தில் ஓவியர் கையை ஓங்கினார். தம்பி மணிக்கட்டைப் பிடித்து, டேப்பை மடக்கி மெல்ல இழுக்க வைத்தான். ஓரம் வெளியே வந்தது. மனைவி கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒரு முடி கூட இல்லை.

கேலரி அம்மா அதைச் சாத்திய கதவைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு குளியலறைச் சுவரோரம் சாய்த்திருந்த மூன்று மீசைகளும் கண்ணில் பட்டன. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“இதுல உங்க நடுக்கம் தெரியுது சார். இந்த மூணும் போதும், கண்காட்சி உங்களுக்குத்தான். அந்தச் சுத்தமானது வேண்டாம். அதை யார் வேணும்னாலும் செய்வாங்க.”

“யார் வேணும்னாலுமா?” என்றான் தம்பி. தன்னிடம் பதினோரு பேர் வேலை செய்வதாகவும், இப்படி ஓரம் எடுக்க அதில் இரண்டே பேரால்தான் முடியும் என்றும் அந்த அம்மாளுக்கு விளக்க ஆரம்பித்தான்.

ஓவியர் மனைவியைப் பார்த்தார். கண்காட்சி வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்று சொல்லவும் வரவில்லை. தம்பியின் பையை அவர் பக்கம் காலால் தள்ளிவிட்டாள். அவர் அதிலிருந்து ரோலரை எடுத்து, வெள்ளையில் தோய்த்து, மூன்று மீசைகளையும் ஒவ்வொன்றாக மழித்தார். அவசரப்படாமல், மேலிருந்து கீழாக. மூன்றாவது முடிவதற்குள் கேலரி அம்மா, போன் செய்வதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். போன் வரவில்லை.

“ரெண்டாவது கோட்டிங் அடிக்கணும் மாமா. இல்லேன்னா நீலம் எட்டிப் பார்க்கும்,” என்றான் தம்பி.

மனைவி கடைக்குக் கிளம்பும்போது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முதல் கோட்டிங் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை நேரம் அவர்கள் சண்டை போடாமல் இருந்து அவள் கண்டதில்லை.

மஞ்சளும் நீலமும் விலை போகவே இல்லை. கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். அவர் இருந்தவரை, ஓரம் உரசிவிடும் என்று அதன் பக்கத்தில் யாரையும் நாற்காலி போட விட்டதில்லை. இப்போதும் யாரும் போடுவதில்லை.